அந்த பீரோவைத் திறந்து வையுங்கள்

(திருநெல்வேலியில் நூலக வார விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நூலகர்களே, ஆசிரியப் பெருமக்களே, முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

நூலக வாரம் வந்தால் புத்தகக் கண்காட்சி வைக்கிறோம், கட்டுரைப் போட்டி நடத்துகிறோம், பரிசு கொடுக்கிறோம். எல்லாம் வேண்டியவைதான். ஆனால் நூலகத்தின் மூலையில் பூட்டியே கிடக்கும் அந்த ஒரு பீரோவைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. பழைய பள்ளி ஆண்டு மலர், கோயில் கொடை நோட்டீஸ், யாரோ கொடுத்துவிட்டுப் போன பத்திரக் கட்டு, அதிர்ஷ்டம் இருந்தால் 1917இல் எச். ஆர். பேட் தொகுத்த திருநெல்வேலி மாவட்ட கெசட்டியர் என்ற மாவட்ட விவரத் தொகுப்பு, இப்படி எத்தனையோ அதற்குள் இருக்கும். மாதம் ஒரு சனிக்கிழமை அதைத் திறந்து, உள்ளே இருப்பதைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

கொடுத்தால் என்ன நடக்கும்? பிள்ளைகளோடு உட்கார்ந்து நான் படித்த ஒரு கிரயப் பத்திரத்தைச் சொல்கிறேன். தொடக்கத்திலேயே ‘தாது ௵ பங்குனி ௴’ என்று இருந்தது. ௵ என்றால் வருஷம், ௴ மாதம், ௳ தேதி, ௸ மேற்படி. நான்கையும் பலகையில் எழுதிப் போட்டால் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குக் கொஞ்ச நேரத்தில் பழகிவிடும். சிக்கல் அதற்கு அப்புறம்தான். எந்தத் தாது? அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அது திரும்பி வரும். 1876இல் ஒரு தாது பிறந்தது, 1936இல் இன்னொன்று. மாதம் பங்குனி என்பதால் இது 1877 ஆக இருக்க வேண்டும், இல்லையென்றால் 1937.

இந்த இடத்தில் பெரியவர்கள் விடையைச் சொல்லிவிடக் கூடாது. ஒரு பையன் முத்திரைத் தாளை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தான். முத்திரையில் ராணி தலை. விக்டோரியா ராணி 1901இலேயே காலமாகிவிட்டார், ஆகவே 1877 என்றான். பக்கத்தில் இருந்த சிறுமி ஒத்துக்கொள்ளவில்லை. பழைய தாளை வைத்திருந்து பிற்பாடு எழுதியிருக்கலாமே என்றாள். எவ்வளவு நல்ல கேள்வி! அதனால்தான் அடுத்த வரிக்குப் போனோம். நம் சீமையில், கி.பி. 825இல் தொடங்கும் மலையாள ஆண்டுக் கணக்கான கொல்லம் ஆண்டும் போடுகிற வழக்கம் உண்டு. ‘௲௫௰௨’ என்று இருந்தது. ௲ ஆயிரம், ௫௰ ஐம்பது, ௨ இரண்டு, ஆக 1052. பங்குனி மாதமானால் அதோடு 825ஐக் கூட்ட வேண்டும். 1877 என்று வந்ததும் அந்த மேஜையில் எழுந்த சத்தத்தை நூலகர் மன்னிக்க வேண்டியிருந்தது.

அது தாது வருஷப் பஞ்சக் காலம். பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் கடந்துபோகும் பஞ்சம். அந்த நேரத்தில் நம் ஊர்க்காரர் ஒருவர் தம் நன்செய்யை விற்றிருக்கிறார். பஞ்சத்தால் விற்றார் என்று எழுதலாமா என்று பிள்ளைகள் கேட்டார்கள். பத்திரம் ‘குடும்பச் செலவுக்காக’ என்று மட்டும்தான் சொல்கிறது. அதற்குமேல் சொல்ல வேண்டுமானால் அதே ஊரின் மற்ற பத்திரங்களையும் பார்க்க வேண்டும். முந்தைய வருஷங்களைவிட அந்த வருஷம் விற்பனை கூடியிருக்கிறதா என்று எண்ண வேண்டும். ஆதாரம் எதுவரை பேசும், எங்கே நின்றுவிடும் என்பதை வகுப்பில் எவ்வளவு விளக்கினாலும் இப்படிப் புரியவைக்க முடியாது.

அடுத்து புகைப்பட மேஜை. இதைத் தள்ளிப்போடவே கூடாது. சுலோச்சன முதலியார் சொந்தப் பணத்தில் கட்டிக்கொடுத்த தாமிரபரணி ஆற்றுப்பாலம் 1843ஆம் ஆண்டினது என்று ஊருக்கே தெரியும். ஆனால் அந்தப் பாலத்தடியில் வெள்ளம் பார்க்க நிற்கும் கூட்டத்தின் படம் கிடைத்தால் அதில் இருப்பது யார், எந்த வருஷத்து வெள்ளம் என்று யார் சொல்வது? எண்பது வயது ஆச்சியும் தாத்தாவும்தான் சொல்ல முடியும். ஒரு பெரியவருக்கு ஒரு பிள்ளை என்று உட்கார வையுங்கள். ஆற்றுக்குள்ளேயே இருக்கும் குறுக்குத்துறை முருகன் கோயில் எதுவரை மூழ்கியிருக்கிறது என்பதை வைத்தே வருஷத்தைச் சொல்லிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். படத்தில் யார், எந்த இடம், எப்போது என்று எழுதுங்கள். சொன்னவர் யார் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். நாளை இன்னொருவர் வேறு மாதிரிச் சொன்னால் அதையும் பக்கத்திலேயே எழுதலாம், முதலில் சொன்னதை அடிக்க வேண்டியதில்லை.

2023 டிசம்பர் வெள்ளத்தில் எத்தனை வீட்டு ஆல்பங்கள் சேற்றில் போயின! நனைந்த படங்கள் ஒட்டிக்கொண்டால் இழுத்துப் பிரிக்காதீர்கள், வெயிலிலும் போடாதீர்கள். நல்ல தண்ணீரில் மெல்ல அலசி, நிழலில் படம் மேலே பார்க்கும்படி பரப்பிக் காற்றாட விடுங்கள். இதையும் அந்தச் சனிக்கிழமையில் செய்து காட்டலாம்.

பிள்ளைகள் கிழித்துவிடுவார்களே என்று நூலகர்கள் அஞ்சுவது நியாயம். அதற்கு வழி இருக்கிறது. கையைக் கழுவித் துடைத்துவிட்டு உட்கார வேண்டும். காகிதத்துக்குக் கையுறை வேண்டாம், விரலுக்கு உணர்ச்சி குறைந்து ஓரம் கிழியும். புகைப்படத்துக்கும் நெகட்டிவுக்கும் கையுறை போடுங்கள். மேஜையில் பென்சில் மட்டும்தான், பேனா கூடாது. செல்லோ டேப்பும் லாமினேஷனும் கூடவே கூடாது. நைந்து போனதை ஸ்கேன் செய்து, நகலைக் கொடுங்கள். ஏட்டுச்சுவடியைப் பயிற்சி பெற்றவர் மட்டும் தொடட்டும், மற்றவர்கள் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். கல்வெட்டுப் படியெடுக்கவும் பழக்கலாம். ஆனால் பாதுகாக்கப்பட்ட கோயில்களில் தொல்லியல் துறையின் அனுமதி இல்லாமல் கல்லில் கைவைக்கக் கூடாது.

இந்தக் காகிதங்களுக்கெல்லாம் என்ன மதிப்பு என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் நூல்களோடு நாடக நோட்டீஸ், அழைப்பிதழ், கடிதம் என்று மற்றவர்கள் வீசியெறிந்ததையெல்லாம் சேர்த்து வைத்தார். சென்னையில் அவர் பெயரில் இருக்கும் ஆராய்ச்சி நூலகம் அந்தச் சேகரிப்பிலிருந்து பிறந்தது. யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு 1981இல் தீ வைத்தார்கள். ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அவற்றோடு எரிந்த சுவடிகளில் வேறெங்கும் பிரதி இல்லாதவையும் உண்டு. இதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு பதறுகிறது. அதனால்தான் ஸ்கேன் எடுத்ததை ஒரே கணினியில் வைக்காமல், வேறொரு ஊர் நூலகத்திலும் ஒரு பிரதி வைக்கச் சொல்கிறேன்.

கடைசியாக, உங்கள் வீடுகளில் இருப்பதைப் பற்றி. பத்திரத்தையும் படத்தையும் நூலகத்துக்கே எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்கவில்லை. காலையில் கொண்டுவந்தால் ரசீது கொடுத்து, ஸ்கேன் செய்து, சாயங்காலமே திருப்பித் தர ஏற்பாடு செய்யச் சொல்லியிருக்கிறேன். எதைப் பொதுவில் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்பதை நீங்களே படிவத்தில் எழுதலாம். நிலத்தில் வழக்கு நடக்கிறது என்றால் அந்தப் பத்திரத்தை இப்போதைக்கு வீட்டிலேயே வைத்திருங்கள். படிவங்கள் வாசலில், வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. நன்றி, வணக்கம்.