பானெட்டைத் திறந்தால் தெரிகிற ரிப்பேர்

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய கார்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "அந்த வண்டியெல்லாம் ரிப்பேரே ஆகாது" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். உண்மையில் ரிப்பேர் அடிக்கடி ஆகும். ஆனால் என்ன ரிப்பேர் என்பது கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். வோக்ஸ்வேகன் பீட்டிலில் ஒயர், பெட்ரோல் குழாய் எல்லாம் விலக்கியபின் நாலே இடத்தில் நட்டு போல்ட்டைக் கழற்றினால் எஞ்சின் கீழே இறங்கிவிடும். 1948-இல் வந்த லேண்ட் ரோவரில் மட்கார்டு நசுங்கினால், போல்ட்டைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டிக்கொள்ளலாம்.

ஓடிக்கொண்டிருந்த வண்டி நின்றுபோனால் கேள்வி இரண்டுதான். கரண்ட் வருகிறதா? பெட்ரோல் வருகிறதா?

முதலில் கரண்ட். பெட்ரோல் எங்கும் ஒழுகவில்லை என்று பார்த்துக்கொண்டு, காயிலிலிருந்து (பேட்டரி கரண்டின் வோல்ட்டேஜை உயர்த்துவது) டிஸ்ட்ரிபியூட்டர் (அதைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்புவது) மூடியின் நடுவுக்கு வரும் தடித்த ஒயரைப் பிடுங்குங்கள். ரப்பர் பிடி உள்ள குறடால் பிடித்து, முனையை எஞ்சின் பிளாக்கிலிருந்து 5, 6 மில்லிமீட்டர் தள்ளி வையுங்கள். இன்னொருவர் செல்ஃப் அடிக்கட்டும். நீலமாகப் பளிச்சென்று பொறி பாய்ந்தால் காயில் வரைக்கும் பழுதில்லை. மஞ்சளாக மெலிந்து வந்தாலோ, வராமலே போனாலோ, மூடியின் இரண்டு கிளிப்பையும் நெம்பிவிட்டு பாயிண்ட்டைப் பாருங்கள். காயிலின் கரண்டை விட்டுவிட்டுத் துண்டிக்கும் இரண்டு முனைகள்தான் பாயிண்ட்.

பாதி வண்டிகள் நிற்பது இங்கேதான். பாயிண்ட்டைத் தள்ளித் திறக்கிற ஃபைபர் குதிகால், கேமில், அதாவது சுழலும் தண்டின் மேட்டில், உரசி உரசித் தேயும். தேயத் தேய முனைகளின் இடைவெளி குறையும்; டைமிங்கும், அதாவது பொறி பாயும் நேரமும், பின்தங்கும். வண்டி இழுக்காமல் சூடாவதற்கு இது ஒரு காரணம். எஞ்சினைக் கையால் சுற்றி, குதிகாலைக் கேமின் உச்சியில் நிறுத்துங்கள். திருகைத் தளர்த்தி, முனைகளுக்கு நடுவில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விடுங்கள். பல நாலு சிலிண்டர் வண்டிகளுக்கு 0.40 மில்லிமீட்டர், உங்கள் வண்டியின் அளவை மேனுவலில் பாருங்கள். தகடு லேசாக உரசிக்கொண்டு வர வேண்டும். திருகை இறுக்கும்போது இடைவெளி நகரும். அதனால் இறுக்கியபின் இன்னொரு முறை அளந்தே ஆக வேண்டும். இதைச் செய்யாமல் மூடியை மாட்டிவிட்டு, புது பாயிண்ட்டைக் குறை சொல்பவர்களே அதிகம்.

எமரித் தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். அதன் துகள் முனையில் பதிந்து கரண்டைத் தடுக்கும். மெல்லிய அரம் போதும். பிறகு சுத்தமான காகிதத்தை இடையில் விட்டு இழுங்கள். ஒரு முனையில் மேடும் எதிர் முனையில் குழியும் விழுந்திருந்தால் ஃபீலர் கேஜ் மேட்டைத்தான் அளக்கும், உண்மை இடைவெளி அதைவிட அதிகம். அந்த பாயிண்ட்டை மாற்றிவிடுங்கள், கூடவே, பாயிண்ட் திறக்கும்போது முனைகள் கருகாமல் காக்கும் கண்டன்சரையும். பாயிண்ட் சீக்கிரமே கருகுவது, சூடானதும் வண்டி நிற்பது, இரண்டிலும் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்தச் சின்னக் கண்டன்சரைத்தான்.

இடைவெளி வைத்த பிறகே டைமிங். மாற்றிச் செய்தால் இரண்டும் கெடும். வேலை நடக்கும்போது சாவியை வெகுநேரம் ஆனில் விடாதீர்கள். பாயிண்ட் மூடியிருந்தால் காயில் வெந்துபோகும்.

பெட்ரோல் பக்கம் வேலை குறைவு. எஞ்சின் ஆறியபின் கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி, ஒரு டப்பாவில் விட்டு எஞ்சினைச் சுற்றிப் பாருங்கள். விட்டுவிட்டுப் பீய்ச்சினால் பம்ப் நன்றாக இருக்கிறது. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரத்தைத் திறந்து மூடும் ஃப்ளோட் ஊசியோ, பெட்ரோல் பாயும் சிறு துளையான ஜெட்டோ அடைத்திருக்கும். வராவிட்டால் பம்புக்குள் இருக்கும் டயஃப்ரம் என்ற சவ்வு கிழிந்திருக்கலாம்.

இதற்காகப் பழைய வண்டியே எல்லா விதத்திலும் மேல் என்று நான் சொல்ல மாட்டேன். அவற்றில் பலவற்றுக்கு நாலு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் சர்க்யூட். ஒரு குழாய் வெடித்தால் பெடல் தரையைத் தொடும்.

பாயிண்ட்டுக்குப் பதிலாக எலெக்ட்ரானிக் செட் மாட்டுவதும் நல்லதுதான். ஆனால் அது போகும்போது பெரும்பாலும் சொல்லாமல் போகும், வழியில் பிரித்துப் பார்க்கவும் ஒன்றுமில்லை. எனவே கழற்றிய பாயிண்ட், கண்டன்சர், ஒரு ஃபீலர் கேஜ், சின்னத் திருப்புளி எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு டிக்கியிலேயே வைத்திருங்கள். வணக்கம்.