மெட்டு யாருடையதாகவும் இருக்கட்டும்

நடுவர் அவர்களுக்கும் அவையில் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம். நேரம் குறைவு, நேராக வருகிறேன். பிரெஞ்சு இசைக்கலைஞர் மிஷல் லெக்ரான் உயர்ந்து நிற்பது பியானோவாலா, குரலாலா, அரேஞ்சர் வேலையாலா? அரேஞ்சர் என்றால், ஒரு மெட்டுக்கு எந்த வாத்தியம் எங்கே எதை வாசிக்க வேண்டும் என்று எழுதித் தருகிறவர். நான் அரேஞ்சர் பக்கம்.

பியானோ அணித் தலைவர் போகிற போக்கில் ஒன்று சொல்லிக் கைதட்டல் வாங்கினார். "அரேஞ்சர் என்றால் யாரோ பெற்ற பிள்ளைக்குச் சட்டை தைக்கிறவர்" என்றார். ஐயா, அந்தச் சட்டையைப் பார்க்க வாசல் வரை யார் வந்தார் தெரியுமா?

1954. லெக்ரானுக்கு 22 வயது. பாரிஸைப் பற்றி ஏற்கெனவே ஊரே பாடிக்கொண்டிருந்த பாட்டுகளை ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதி ஒரு இசைத்தட்டு போட்டார், அமெரிக்காவில் அது விற்றுத் தள்ளியது, ஆனால் அவர் கைக்கு வந்தது 200 டாலர். அப்புறம் இசைத்தட்டு நிறுவனமே, உனக்குப் பிடித்ததை ஒன்று செய்துகொள் என்றது. அவர் கேட்டது ஜாஸ்.

1958 ஜூன், நியூயார்க். அந்த ஜாஸ் இசைத்தட்டின் பதிவு. ஜாஸ் உலகின் பெரிய டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸ் வாசிக்க வேண்டும். கூட இருந்தவர்கள் லெக்ரானை முன்கூட்டியே எச்சரிக்கிறார்கள்: மைல்ஸ் தாமதமாகத்தான் வருவார், வந்ததும் உள்ளே நுழைய மாட்டார், கதவருகே நின்று கேட்பார், பிடித்தால் டிரம்பெட்டை எடுப்பார், பிடிக்காவிட்டால் திரும்பிப் போய்விடுவார், நீ அவரை மறுபடி பார்க்கவே முடியாது. சொன்னபடியே தாமதமாக வந்தார். கதவருகே நின்றார். 26 வயதுப் பையன் ஆர்க்கெஸ்ட்ராவை நடத்திக்கொண்டிருக்கிறான், உள்ளே சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேன் இருக்கிறார், ஹார்ப் ஒலிக்கிறது, புல்லாங்குழல் ஒலிக்கிறது, வாசலில் மைல்ஸ் நிற்கிறார். நிற்கிறார். அந்தப் பையனுக்கு வயிறு எப்படிக் கலங்கியிருக்கும்! சில நிமிடம் கேட்டார், உள்ளே வந்தார், பெட்டியைத் திறந்தார், உட்கார்ந்து வாசித்தார். முதல் முறை பதிவு முடிந்ததும், தான் வாசித்தது சரியாக இருந்ததா என்று லெக்ரானிடம் கேட்டார். கேட்டவர் மைல்ஸ் டேவிஸ்!

இன்னொரு முறை அந்தக் கதவருகே போவோம், ஏனென்றால் எதிரணியின் கேலிக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. மைல்ஸ் காதில் விழுந்தது என்ன? மெட்டா? அந்த இசைத்தட்டில் ஒரு மெட்டுகூட லெக்ரானுடையது இல்லை, எல்லாம் மற்ற ஜாஸ் மேதைகள் போட்டவை. குரலா? லெக்ரான் பாடவே இல்லை. பியானோவா? தலைவர் அவர்களே, அன்று பியானோ முன்னால் உட்கார்ந்திருந்தவர் பில் எவன்ஸ் என்ற வேறொரு மேதை! லெக்ரானுடையது என்று அந்த அறையில் இருந்தது, எந்த வாத்தியம் எங்கே நுழைய வேண்டும், எங்கே ஒதுங்க வேண்டும் என்று அவர் எழுதிக் கொடுத்த நோட்ஸ் மட்டும்தான். அதைக் கேட்டுத்தான் மைல்ஸ் உள்ளே வந்தார். எதிரணியில் யாராவது எழுந்து இதை மறுக்கட்டும்.

ஆஸ்கர் மூன்று வாங்கினார், அதை எல்லா அணியும் சொல்லியாகிவிட்டது. எனக்கு மனசு நிற்பது வேறு இடத்தில். அப்பா ரேமோன் லெக்ரான் ஆர்க்கெஸ்ட்ரா நடத்தியவர், அவரும் அரேஞ்சர். மிஷல் சின்னக் குழந்தையாக இருக்கும்போதே வீட்டை விட்டுப் போய்விட்டார். மிச்சம் அம்மா, அக்கா கிறிஸ்தியான், ஒரு பழைய பியானோ. ரேடியோவில் கேட்டதை அந்தப் பையன் தட்டித் தட்டி வாசித்துப் பழகினான். விட்டுப்போன அப்பாவின் தொழிலையே எடுத்து, அப்பாவைவிடப் பெரிதாக வளர்த்தவர் அவர்.

1964இல் லெக்ரான் இசையமைத்த 'செர்பூர் குடைகள்' என்ற பிரெஞ்சுப் படம் வந்தது. ஒரு வசனம் விடாமல் எல்லாமே பாட்டு. கான் திரைப்பட விழாவின் உயரிய விருதைப் பெற்ற படம். அதில் மகளைத் தனியாக வளர்க்கிற தாய் ஒருத்தி வருகிறாள். திரையில் தெரிவது வேறொரு நடிகை, ஆனால் அவளுக்காகப் பாடுவது கிறிஸ்தியான். தன் அம்மா தனியாகப் பிள்ளை வளர்த்ததைப் பார்த்த தம்பி, அப்படி ஒரு தாயின் குரலை அக்காவிடம் கொடுத்து, அதைச் சுற்றி ஆர்க்கெஸ்ட்ராவை எழுதியிருக்கிறார் நடுவர் அவர்களே! அதைக் கேட்டு நான் அழுதிருக்கிறேன், பிரெஞ்சு ஒரு வார்த்தை தெரியாமல். தீர்ப்பை எங்கள் அணிக்கே தாருங்கள். வணக்கம்.