கடற்படைக்காரரிடம் கேட்க வேண்டியவை

வானொலி நேயர்களுக்கு வணக்கம். நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கடல் கிடையாது. ஆனாலும் கடற்படையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்கள் உண்டு. 1971 பாகிஸ்தான் போரில் இருந்தவர்களுக்கு இன்று எழுபதைத் தாண்டியிருக்கும். அப்படி ஒருவர் மறைந்ததும் பேரப்பிள்ளைகள் அவரைப் பற்றி நாலு பக்கம் எழுதலாம் என்று உட்காருகிறார்கள். கையில் இருப்பது ஒரே வரி: "தாத்தா நேவியில் இருந்தார், சண்டைக்குப் போனார்." அதற்கு மேல் பேனா ஓடாது. "எங்கெல்லாம் போனீங்க?" என்று எல்லாரும் கேட்டிருப்பார்கள். "என்ன வேலை செஞ்சீங்க, எந்த வாட்ச்?" என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்க வேண்டியது அதைத்தான்.

வாட்ச் என்றால் காவல் முறை. கப்பல் கடலில் இருக்கும்வரை இருபத்து நாலு மணி நேரமும் ஆள் விழித்திருக்க வேண்டும். நாளை நாலு நாலு மணி நேரமாகப் பிரித்தால் ஆறு முறை வரும். ஆட்களை மூன்று அணியாக வைத்தால் என்ன ஆகும்? ஆறை மூன்றால் மீதியில்லாமல் வகுத்துவிடலாம். அதனால் நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து நாலு வரை நிற்கும் முறை தினமும் ஒரே அணியின் தலையில் விழும். பங்காளிகள் சேர்ந்து கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்களுக்கு இது உடனே புரியும். ராத்திரி முறை ஒருவருக்கே வந்தால் மூன்றாம் நாள் சண்டைதான்.

கடற்படை இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. மாலை நாலிலிருந்து எட்டு வரையுள்ள முறையை மட்டும் இரண்டாக உடைத்துவிடுவார்கள். நாலிலிருந்து ஆறு ஒன்று, ஆறிலிருந்து எட்டு ஒன்று. இதற்கு டாக் வாட்ச் என்று பெயர். இப்போது ஆறு முறை ஏழாகிவிட்டது. ஏழை மூன்றால் வகுத்தால் ஒன்று மிஞ்சும். ஆக, இன்று நள்ளிரவில் நின்றவருக்கு நாளை வேறு முறை. திரும்பவும் சொல்கிறேன், கேட்க நன்றாக இருக்கிறது: ஒரே ஒரு முறையை உடைத்ததில் எல்லாருக்கும் எல்லாக் கஷ்டமும் பங்காகிவிட்டது. அரை மணிக்கு ஒரு மணியடி கூடிக்கொண்டே போய், எட்டு அடி விழுந்தால் பழைய கணக்கில் ஒரு காவல் முடிந்தது. ஓய்வு பெற்று முப்பது வருஷம் ஆன பிறகும் சிலர் விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். வீட்டில் அதை வயோதிகத் தூக்கமின்மை என்று நினைப்பார்கள். நாலு மணிக் காவலுக்கு எழுப்பிவிடும் நேரம் அது.

அடுத்தது, என்ன வேலை. பீரங்கி, சிக்னல், மின்சாரம், சமையல், மருந்து என்று பிரிவுகள் பல. நேரம் கருதி ஒன்றை மட்டும் சொல்கிறேன்: கொதிகலன் அறை. நீராவிக் கப்பலில் கொதிகலனைக் கவனித்த ஸ்டோக்கர்களின் இடம் இது. கண்ணாடிக் குழாயில் தெரியும் நீர்மட்டத்தை விட்டுக் கண் எடுக்கக் கூடாது. மட்டம் இறங்கினால் குழாய்கள் தீயில் வெந்து வெடிக்கும். ஏறினால் நீராவியோடு தண்ணீரும் போய் நீராவியால் சுழலும் டர்பைனின் தகடுகளை அடித்து நொறுக்கும். எண்ணெய் தெளிக்கும் முனைகளில் கரி அடைக்கும், கழற்றிக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். கொதிகலனுக்கு உப்பு ஆகவே ஆகாது. கடல்நீரைக் காய்ச்சி வடித்த தண்ணீர்தான் போகும், அதையும் உப்பு சோதித்துத்தான் விடுவார்கள். நல்ல தண்ணீரில் முதல் பங்கு கொதிகலனுக்கு, மனிதன் குளிப்பதெல்லாம் அதற்குப் பிறகு. ஒரு வாளியில் குளியலை முடித்துவிட்டு, குழாய் சொட்டினால் சத்தம் போடுகிற தாத்தாவின் பின்னால் இந்தக் கணக்கு இருக்கலாம்.

1971-இல் விமானம் தாங்கிக் கப்பல் விக்ராந்தின் கொதிகலன்களில் நீர்க்கலங்கள் விரிசல் கண்டிருந்தன. வெல்டிங் வைத்து அடைக்கக் கூடிய விரிசல் அல்ல. அழுத்தத்தைக் குறைத்து, வேகத்தையும் குறைத்துத்தான் அதை ஓட்டினார்கள். விமானம் மேலெழும்ப எதிர்க்காற்று வேண்டும். கப்பல் மெதுவாகப் போனால் அந்தக் காற்றும் குறையும். அந்த நிலையில்தான் டிசம்பர் 4 அன்று அதன் விமானங்கள் கிழக்கே, இன்றைய வங்கதேசத்தில் உள்ள காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. அதே நாள் இரவு மேற்கே ஏவுகணைப் படகுகள் கராச்சியைத் தாக்கின. அதனால்தான் டிசம்பர் 4 கடற்படை நாள். ஐந்து நாள் கழித்து, டிசம்பர் 9 இரவு, குக்ரி கப்பல் மூழ்கியது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் போனார்கள். கீழ்த்தளத்தில் காவலில் நிற்பவருக்கு வெளியே நடப்பது எதுவும் தெரியாது. "போரில் என்ன பார்த்தீங்க?" என்று கேட்டால் "ஒண்ணும் பார்க்கலை" என்பார். அதை அடக்கம் என்று எழுதிவிடாதீர்கள். அவர் உண்மையைத்தான் சொன்னார்.

குடும்பத்தின் மேல் அவருக்கிருந்த பாசத்தையும் காகிதத்தில் பார்க்கலாம். சம்பளத்தில் ஒரு பங்கை வீட்டுக்கென எழுதிக் கொடுத்திருப்பார், அது மாதாமாதம் மணியார்டராக வந்திருக்கும். துண்டுச் சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்குங்கள். தொகை கூடிய மாதத்தில் அநேகமாகப் பதவி உயர்ந்திருக்கும், அல்லது பிள்ளை பிறந்திருக்கும். கடிதங்களில் கப்பல் பெயரும் ஃப்ளீட் மெயில் ஆபீஸ் என்ற கடற்படைத் தபால் நிலைய முகவரியும்தான் இருக்கும், கப்பல் நின்ற இடம் இருக்காது. தேதியைக் கொண்டுதான் இடத்தைத் தேட வேண்டும்.

பதக்கம் இருந்தால் தயவுசெய்து பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். விளிம்பிலோ பின்புறத்திலோ அவருடைய எண்ணும் பெயரும் பொறித்திருக்கும், தேய்த்தால் அவை போய்விடும். பூர்வி ஸ்டார் என்றால் கிழக்குப் போர்முனை, பஸ்சிமி ஸ்டார் என்றால் மேற்கு. பழைய சீருடைப் படத்தில் இடது கை பதவியைச் சொல்லும், வலது கை தொழிலைச் சொல்லும். கப்பலை உந்தும் விசிறி போன்ற சின்னம் என்றால் எஞ்சின் பிரிவு.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். பென்ஷன் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். அவர் உயிரோடு இருக்கும்போதே ஓய்வூதிய ஆணையை எடுத்து மனைவியின் பெயரைப் பாருங்கள். ஆணையில் மாதம்மா, ஆதாரில் மாதம்மாள், பாஸ்புக்கில் எம். மாதம்மாள் என்று இருந்தால் குடும்ப ஓய்வூதியம் அங்கேயே நின்றுவிடும். பிறந்த தேதி மாறியிருந்தாலும் அப்படியே. திருத்தம் கேட்க மும்பையில் மாலுமிகளின் ஆவணப் பிரிவு இருக்கிறது. மனுவில் பணி எண்ணைத் தவறாமல் எழுதுங்கள். இறந்தபின் தகவலைத் தாமதிக்காமல் படைவீரர் ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் பதியுங்கள். தாமதித்தால் அதற்குள் வரவான பணத்தைத் திரும்பப் பிடிப்பார்கள். சாதாரண விகிதத்தில் துணைவியாருக்கு வருவது கடைசிச் சம்பளத்தில் 30 விழுக்காடு, குறைந்தது 9000 ரூபாய், அதற்கு மேல் அகவிலைப்படி. உதவிக்கு உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். போகும்போது பணி முடிந்தபோது கொடுத்த விடுவிப்புப் புத்தகத்தின் (டிஸ்சார்ஜ் புக்) மூலத்தைக் காட்டிவிட்டு நகலை மட்டும் கொடுங்கள், மூலம் வீட்டுக்கே திரும்பி வரட்டும். வணக்கம்.