விதைக்காமல் பூத்த புழக்கடை

நேயர்களுக்கு என் வணக்கம்.

மனம் சோர்ந்திருக்கும் காலத்தில் இயற்கை எவ்வாறு ஆறுதல் தருகிறது என்பதைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் என்னை அழைத்தபோது, மலைகளைப் பற்றியோ அருவிகளைப் பற்றியோ பேசும் தகுதி எனக்கு இல்லை என்று சொன்னேன். எனக்கு நெருக்கமாகத் தெரிந்த இயற்கை, சென்னிமலைக் குன்று கண்ணில் படும் தொலைவில் உள்ள எங்கள் வீட்டின் பின்பக்கத்தில், 8 சென்ட் பரப்பில் அடங்கிவிடுகிறது. எங்கள் பக்கத்தில் அதைப் பொடக்காலி என்பார்கள்; எழுதும்போது புழக்கடை என்று எழுதுவோம். அதில் இன்று பூத்துக் கிடக்கும் செடிகளில் ஒன்றுக்குக்கூட நான் விதை போட்டதில்லை, ஒரு குடம் தண்ணீரும் ஊற்றியதில்லை. அந்த இடத்தைப் பற்றி மட்டும் பேசலாமா என்று கேட்டேன். பேசுங்கள் என்றார்கள்.

நல்ல குடித்தனம் நடக்கும் வீட்டுக்கு எங்கள் ஊரில் சில அடையாளங்கள் உண்டு. முன்வாசலில் சாணம் தெளித்துக் கோலமிட்டிருக்க வேண்டும். புழக்கடை ஒரு புல்லும் இல்லாமல் செதுக்கிப் பெருக்கியிருக்க வேண்டும். செடி மண்டிய புழக்கடையைப் பார்த்தால், அந்த வீட்டில் ஏதோ சரியில்லை என்று பார்ப்பவர்கள் முடிவு செய்துவிடுவார்கள். ஒருவரைக் கடுமையாகச் சபிக்க நினைத்தால் ‘உன் வீட்டில் எருக்கு முளைக்க’ என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் இருப்பதை நீங்களும் அறிவீர்கள். பள்ளியில் பல ஆண்டுகள் அறிவியல் ஆசிரியையாக இருந்து, தாவரங்களின் வகைப்பாட்டைக் கரும்பலகையில் எழுதிப் போட்ட நான், என் வீட்டில் மட்டும் ஆண்டுக்கு இருமுறை ஆள் விட்டு, மண்வெட்டியால் எல்லாவற்றையும் வழித்தெடுத்து வந்தேன். அதில் எந்த முரண்பாடும் அப்போது எனக்குத் தெரியவில்லை.

2020ஆம் ஆண்டு பிப்ரவரியில் என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. வலக்கையும் வலக்காலும் தளர்ந்தன, பேச்சு தடுமாறியது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்து சில நாட்களிலேயே, மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுப்பதாகச் சொன்னவர் வர இயலவில்லை. வெளியூரில் இருந்த மகனும் வர இயலவில்லை. காலை 6 மணிக்கு ஒரு மாத்திரை, 8 மணிக்கு இரண்டு, நண்பகலில் ஒன்று, இரவில் மூன்று என்று என் நாள் முழுவதும் மாத்திரை அட்டையின் ஓட்டைகளாகப் பிரிந்து போயிற்று. பார்த்துப் பார்த்து வளர்த்த ரோஜாத் தொட்டிகள் மொட்டை மாடியில் இருந்தன. முதல் வாரத்தில் மாலைதோறும் ஏறிப் போய்த் தண்ணீர் ஊற்றினேன். பிறகு, கவனிக்கச் சொல்லிக் கை நீட்டும் இன்னும் இருபது நோயாளிகளைப் போல அவை எனக்குத் தோன்றத் தொடங்கின. மாடிப் படி ஏறுவதை நிறுத்தினேன். சித்திரை வெயிலில் அவை கருகின. தோட்டவேலை மனத்துக்கு மருந்து என்று பலர் சொல்கிறார்கள். பொதுவாக அது உண்மையாக இருக்கலாம். ஆனால் ஏற்கெனவே ஒருவரைக் கண்ணிமைக்காமல் கவனித்துக் கொண்டிருப்பவரிடம் மேலும் ஓர் உயிரைக் கொடுத்துக் கவனிக்கச் சொல்வது எப்போதும் ஆறுதலாகிவிடாது என்பதை அந்தத் தொட்டிகள் எனக்குக் கற்றுக்கொடுத்தன.

புழக்கடையைச் செதுக்க ஆள் வராததால் கோடை மழைக்குப் பின் அங்கே பச்சை படர்ந்தது. ஆவணியிலும் புரட்டாசியிலும் பெய்த மழையில் அது முழங்கால் உயரம் எழுந்து பூக்கத் தொடங்கியது. இத்தனை ஆண்டுகள் வழித்தெறிந்த மண்ணிலிருந்து இவ்வளவும் எங்கிருந்து வந்தன என்று கேட்கத் தோன்றும். மண்ணுக்குள் உறங்கும் விதைகள் மிக நெடுங்காலம் காத்திருக்கக்கூடியவை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வில்லியம் ஜேம்ஸ் பீல் என்ற தாவரவியல் பேராசிரியர், 1879ஆம் ஆண்டில் 20 புட்டிகளில் மணலோடு கலந்த விதைகளை நிரப்பிப் பூமியில் புதைத்து வைத்தார். ஒவ்வொரு புட்டியிலும் 21 வகைச் செடிகளின் விதைகள், வகைக்கு 50 வீதம் இருந்தன. குறிப்பிட்ட இடைவெளியில் ஒவ்வொரு புட்டியாகத் தோண்டியெடுத்து முளைக்க வைத்துப் பார்ப்பது ஏற்பாடு. அவருக்குப் பின் வந்தவர்கள் அதைத் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறார்கள். 2020இல் எடுக்க வேண்டிய புட்டியைப் பெருந்தொற்றின் காரணமாக அடுத்த ஆண்டுதான் எடுக்க முடிந்தது. வெளிச்சம் பட்டால் விதைகள் விழித்துவிடும் என்பதால் இரவில் தோண்டினார்கள். 140 ஆண்டுகளுக்கு மேல் மண்ணுக்குள் கிடந்த விதைகளில் சில, அந்த 2021ஆம் ஆண்டில் முளைத்தன. ஆண்டுதோறும் நான் மண்வெட்டியால் மண்ணைப் புரட்டியபோது, களையை ஒழிப்பதாக நினைத்துக்கொண்டு, ஆழத்தில் கிடந்த விதைகளை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து கொண்டிருந்தேன் என்பது இதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. வகுப்பில் விதை உறக்கம் என்று நான் பாடம் நடத்தியது இதைத்தான்.

முதலில் கண்ணில் பட்டது தும்பை. வெள்ளை வேட்டிக்கு உவமை சொல்வதோடு நாம் மறந்துவிடும் அந்தச் சின்னஞ்சிறு பூவை, பழந்தமிழ் வேந்தர்கள் போர்க்களத்தில் சூடினார்கள் என்று இலக்கணம் சொல்கிறது. தம் வலிமையை நிலைநாட்டுவதையே பொருளாகக் கொண்டு வேந்தர்கள் மோதும் போருக்கு இதன் பெயரைத்தான் வைத்தார்கள். சிறுமியாக இருந்தபோது நாங்கள் அதைப் பறித்து, அடிப்பக்கத்தை உறிஞ்சித் தேன் குடித்திருக்கிறோம். அடுத்து மூக்குத்திப்பூ, வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்து நம் வரப்புகளில் குடியேறிவிட்ட செடி. நீண்ட காம்பின் நுனியில் ஒற்றையாகத் தலையாட்டும் அந்தப் பூவைத் தாத்தாப்பூ என்றழைத்து, காசு கேட்டு மிரட்டி, கட்டைவிரலால் சுண்டித் தலையைப் பறக்கவிடும் விளையாட்டை உங்களில் பலரும் ஆடியிருப்பீர்கள். அறுபது வயதைக் கடந்த பிறகு, யாரும் பார்க்காத ஒரு மாலையில், நான் மறுபடியும் ஆடினேன். ஏழெட்டுத் தாத்தாக்களின் தலை போயிற்று. மனப்பாரம் சற்றுக் குறைந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

நெருஞ்சியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல வேண்டும். என் கணவர் மென்மையாகப் பேசுபவர். நாங்கள் மணந்த நாள் முதல் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நோய்க்குப் பிறகு, சொல்ல நினைத்த சொல் வாயில் வராத ஆத்திரத்தில், தட்டைத் தள்ளிவிடுவார். என்னைப் பார்த்துக் கத்துவார். நோயின் கோபம் அது என்று மருத்துவர் விளக்கியிருந்தார். விளக்கம் அறிவுக்குப் போதும்; மனத்துக்குப் போதவில்லை. அப்படி ஒரு நாளில் செருப்பில்லாமல் புழக்கடைக்குப் போய் நெருஞ்சி முள்ளை மிதித்தேன். குனிந்து பிடுங்கும்போது பக்கத்திலேயே மஞ்சளாக ஐந்து இதழ்களோடு அதன் பூ. கண்ணுக்கு இனிதாகப் பூத்த நெருஞ்சியின் புதுமலர் பின்னர் முள்ளைத் தருவது போல, முன்பு இனியவராக இருந்தவர் இப்போது இன்னாதவர் ஆனாரே என்று குறுந்தொகையில் அள்ளூர் நன்முல்லையாரின் தலைவி நெஞ்சு நொந்து பேசுகிறாள். அவளுடைய மனக்குறை வேறு, என்னுடையது வேறு. அவளுடைய தலைவன் வேண்டுமென்றே செய்தான். ஆயினும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் இதே முள்ளைப் பார்த்து இதே போலப் பெருமூச்சு விட்டிருக்கிறாள் என்ற நினைப்பு, அன்றைக்கு வந்து குவிந்திருந்த அறிவுரைகளையெல்லாம்விட எனக்கு உதவியது. அங்கிருந்த கல்திட்டில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்து 8 மணி மாத்திரைக்கு உள்ளே போனேன்.

அதன்பின் தினமும் காலையில் அரைமணி நேரம் அங்கே நிற்பது வழக்கமாயிற்று. விஷ்ணுகிராந்தியின் நீலப்பூக்கள் வெயில் ஏறும்போது விரிந்து, பிற்பகலுக்குள் சுருண்டுவிடும். கானாம்வாழையின் நீலமும் நண்பகலைத் தாண்டாது. அந்திமந்தாரை மாலை 4 மணிக்கு மேல்தான் கண் திறக்கும். பூக்கள் விரியும் வேளையைக் கொண்டே மணி சொல்லும் ஒரு தோட்டம் அமைக்கலாம் என்று ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1751இல் எழுதினார். மாத்திரை அட்டை என் நாளைத் துண்டு துண்டாக வெட்டியதுபோல அந்தக் கடிகாரம் வெட்டவில்லை. நான் பார்க்க மறந்தாலும் விஷ்ணுகிராந்தி விரிந்தது. பார்க்கப் போனால், வந்ததற்காக அது எதையும் கேட்கவில்லை. என்னிடம் எதுவும் எதிர்பார்க்காத ஓர் இடம் அந்த ஆண்டில் எனக்கு அது ஒன்றுதான்.

ஐப்பசியில் என் கணவரைப் பின்தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். கைத்தறிக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கராக இருந்தவர் அவர். பெயர்கள் அவருக்குத் தடுக்கின. தும்பையைப் பார்த்து வேறு ஏதோ சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வார். எண்கள் அவ்வளவு தடுக்கவில்லை. ஒருநாள் இடக்கையை நீட்டி, நாற்காலிக்கு எதிரே தரையோடு படர்ந்திருந்த நீலப்பூக்களை ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினார். பதினேழு. மறுநாள் இருபத்திரண்டு. பழைய நாட்குறிப்பு ஒன்றைக் கொடுத்தேன். இடக்கையால் கோணல்மாணலாக எழுதிவைத்தார். யாரும் சொல்லிக்கொடுத்த பயிற்சி அன்று அது. கணக்கர் ஒருவருக்குக் கணக்கு திரும்பக் கிடைத்தது, அவ்வளவுதான்.

இதற்கெல்லாம் ஆராய்ச்சிச் சான்று உண்டா என்று கேட்பவர்களுக்காக ஒன்றைச் சொல்கிறேன். ரோஜர் உல்ரிச் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1984இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களில், சன்னல் வழியே மரங்கள் தெரிந்த 23 பேரையும், செங்கல் சுவர் மட்டுமே தெரிந்த 23 பேரையும் அவர் ஒப்பிட்டார். மரங்களைப் பார்த்தவர்கள் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள். கடுமையான வலிநீக்கி மருந்து அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. 46 பேரை வைத்து உலகத்துக்கெல்லாம் விதி எழுத முடியாது என்று அறிவியல் ஆசிரியையாகச் சொல்லியாக வேண்டும். பூக்களைப் பார்த்தால் பக்கவாதம் குணமாகும் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு நடை திரும்பியது மருந்தாலும், பிறகு முறையாகக் கிடைத்த பயிற்சியாலும்தான். மனம் தாங்க முடியாத நிலைக்குப் போகிறவர்கள் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணை அழைத்துப் பேசத் தயங்க வேண்டாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட அந்த வசதி எனக்குத் தேவைப்பட்ட ஆண்டில் இல்லை.

அக்கம்பக்கத்தார் என்ன சொன்னார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். “டீச்சர், பாம்பு வந்து அடையுமுங்க” என்றார் அடுத்த வீட்டு அம்மாள். அவர் அச்சம் நியாயமானது. வீட்டுச் சுவரை ஒட்டி ஆறடி அகலத்துக்கு இன்றும் தரையைச் சுத்தமாக வைத்திருக்கிறேன். நடுவே நடக்க ஒரு தடம் வெட்டியிருக்கிறேன். இருட்டிய பிறகு கைவிளக்கு இல்லாமல் இறங்குவதில்லை. தேங்காய்ச் சிரட்டையிலும் உடைந்த வாளியிலும் தண்ணீர் தேங்கினால் கொசு பெருகும் என்பதால், அவற்றை உடனே அப்புறப்படுத்துகிறேன். தானாக முளைத்தது என்பதற்காக எல்லாவற்றையும் விட்டுவைப்பதும் இல்லை. 1950களில் இறக்குமதிக் கோதுமையோடு நம் நாட்டில் பரவியதாகச் சொல்லப்படும் பார்த்தீனியம் மூச்சிரைப்பும் தோல் அரிப்பும் உண்டாக்கும். அதைக் கையுறை மாட்டிக்கொண்டு, பூக்கும் முன்பே வேரோடு பிடுங்கிவிடுகிறேன்.

மதிலோரத்தில் எருக்கும் முளைத்தது. சாபம் பலித்துவிட்டதே என்று சிரித்துக்கொண்டேன். சில வாரங்களில் அதன் இலைகளில் கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாகப் பட்டை போட்ட புழுக்கள் மேய்ந்தன. எருக்கம்பாலின் நஞ்சை அவை தின்று தம் உடலில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அவற்றைத் தொடுவதில்லை. அவை கூட்டுப்புழுக்களாகி, வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சிகளாக வெளிவந்தன. பாழடைந்த வீட்டின் அடையாளமாக நாம் வைத்திருக்கும் செடியை அவை முட்டையிடத் தேடி வருகின்றன. பாம்பைச் சொல்லி அஞ்சிய அம்மாளின் பேத்தி இப்போது பள்ளி விட்டதும் அங்கேதான் நிற்கிறாள்.

மறு ஆண்டு தைப்பொங்கலுக்குக் காப்புக் கட்ட, வேப்பிலை ஆவாரம்பூவோடு சேர்க்கும் பூளைப்பூவைச் சந்தையில் வாங்கவில்லை. மதில் மூலையில் வெண்பஞ்சுபோல் மண்டியிருந்ததை என் கணவரே தளர்ந்த வலக்கையால் பறித்தார். நான்கு காம்பு பறிக்கக் கால்மணி நேரம் ஆயிற்று.

ஆள் கிடைத்த பிறகும் புழக்கடையை முழுவதும் செதுக்கச் சொன்னதில்லை. தடத்தையும் சுவரோரத்தையும் மட்டும் சுத்தம் செய்துவிட்டு, இதற்கு முழுக்கூலி வாங்க மனம் வரவில்லை என்று ஒவ்வொரு முறையும் அவர் சொல்கிறார், ஒவ்வொரு முறையும் வாங்கிக்கொள்கிறார். நாட்குறிப்புக் கணக்கு மூன்றாவது புத்தகத்தில் நடக்கிறது. நேற்று அதில் முப்பத்தொன்று என்று எழுதியிருந்தது. இந்த ஒலிப்பதிவுக்காக இன்று 7 மணிப் பேருந்தைப் பிடித்துவிட்டதால், பூ விரிவதை நான் பார்க்கவில்லை. இன்றைய எண்ணை வீட்டுக்குப் போய்த்தான் அவரிடம் கேட்க வேண்டும். வணக்கம்.