அக்காவின் துடைப்பமும் தம்பியின் உழவாரமும்

வணக்கம். காலை ஆறரை மணி. கடலூரிலிருந்து முதல் பஸ்ஸில் பண்ருட்டி வந்து, அங்கிருந்து நடந்தே திருவதிகைக்கு வந்துவிட்டேன். வீரட்டானேசுவரர் கோயிலுக்குள் படம் பிடிக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து பேசுகிறேன். இன்று தேவாரம் பாடிய அப்பரைப் பற்றிப் பேசுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் அவருடைய அக்காவிடமிருந்துதான் தொடங்கப்போகிறேன்.

இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் திருவாமூர்தான் அப்பர் பிறந்த ஊர். அப்பா புகழனார், அம்மா மாதினியார். பிள்ளைக்கு வைத்த பெயர் மருள்நீக்கியார். அக்கா திலகவதியாரைக் கலிப்பகையார் என்ற படைத்தலைவருக்குப் பேசி முடித்திருந்தார்கள். அவர் போருக்குப் போனார். அந்தச் சமயத்தில் அப்பா இறந்தார், அம்மாவும் உடன் போனார். பிறகு போர்க்களத்திலிருந்து கலிப்பகையாரின் சாவுச் செய்தியும் வந்து சேர்ந்தது. என் உயிரும் அவருக்கே உரியது என்று திலகவதியார் உயிரை விடப் புறப்பட்டுவிட்டார். தம்பி காலில் விழுந்து அழுதான். 'தம்பியார் உளராக வேண்டும்' என்று அவர் உயிரைத் தாங்கிக்கொண்டார் என்கிறார் பெரியபுராணத்தில் சேக்கிழார். இந்த மூன்று சொற்களை என்னால் சும்மா வாசித்துவிட்டுப் போக முடிவதில்லை. அம்மா போனபோது எனக்கு ஒன்பது வயது. என் அக்கா பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு முந்திரிக்கொட்டை உடைக்கப் போனாள். ஓட்டு எண்ணெய் பட்டுக் கறுத்த விரல்களால்தான் எனக்குச் சோறு பிசைந்து போட்டாள்.

அந்தத் தம்பி வளர்ந்து சமணத்தில் சேர்ந்தார். சேர்ந்த இடம் பாடலி, இன்றைய கடலூரின் திருப்பாதிரிப்புலியூர். அது சாதாரணமான இடமில்லை. கி.பி. 458இல் உலகின் அமைப்பைப் பற்றிய லோகவிபாகம் என்ற சமண நூல் பாடலியில்தான் எழுதப்பட்டது. அப்பேர்ப்பட்ட இடத்தில் படித்துத் தருமசேனர் என்ற பெயரோடு தலைமை நிலைக்கு உயர்ந்தார் மருள்நீக்கியார். அக்கா இங்கே, கெடிலக்கரையில், விடியுமுன் எழுந்து கோயிலைப் பெருக்கி, சாணம் மெழுகி, பூப்பறித்துக் கட்டிக்கொண்டிருந்தார். தம்பி திரும்பி வர வேண்டும் என்பதுதான் அவர் வேண்டுதல்.

பிறகு தம்பிக்கு வயிற்றைக் குடையும் சூலை நோய் வந்தது. மருந்தும் மந்திரமும் கேட்கவில்லை. தம்பி சமையற்காரரை அக்காவிடம் அனுப்பினார். அந்தச் சமணப் பள்ளிக்கு நான் வர மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார் திலகவதியார். அத்தனை வருடம் காத்திருந்தவர், கூப்பிட்டதும் ஓடவில்லை. அந்த உறுதி எனக்குப் பெரிதாகப் படுகிறது. சமணத் துறவிக்குரிய பாயையும் நீர்க்குண்டிகையையும் மயிற்பீலியையும் விட்டுவிட்டு, வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டு, இருட்டில் யாரும் அறியாமல் தம்பியே வந்து காலில் விழுந்தார். ஏன் போனாய் என்று அக்கா ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஐந்தெழுத்தை ஓதித் திருநீறு கொடுத்தார். திருப்பள்ளியெழுச்சி நேரத்தில் துடைப்பம், மெழுகுவதற்குச் சாணம், தண்ணீர்த் தோண்டி மூன்றையும் எடுத்துக்கொண்டு தம்பியைக் கோயிலுக்கு அழைத்துப் போனார். அன்றும் வேலையை விடவில்லை, பாருங்கள்.

அங்கே பிறந்ததுதான் 'கூற்றாயினவாறு விலக்ககிலீர்'. குடரோடு துடக்கி முடக்கியிட என்று வலியை வலியாகவே சொல்லும் பாட்டு. அதே பதிகத்தில் இன்னொன்று வருகிறது:

சலம்பூவொடு தூபம் மறந்தறியேன்
தமிழோடிசை பாடல் மறந்தறியேன்

வருடக்கணக்காகச் சிவன் கோயில் பக்கமே வராதவர் 'மறந்தறியேன்' என்று எப்படிச் சொன்னார்? சின்ன வயதிலிருந்து எனக்கு இந்தக் கேள்வி உண்டு. நீரும் பூவும் தூபமும் ஒரு நாளும் மறக்காதவர் அந்தச் சந்நிதியில் ஒருவர்தான் இருந்தார், அவர் பக்கத்திலேயே நின்றார். அக்காவின் வாழ்க்கையைத்தான் தம்பி தன் வாயால் பாடினார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். புலவர்கள் வேறு பொருள் சொல்லலாம். எனக்கு இதுதான் கேட்கிறது.

நாவுக்கரசர் என்ற பெயர் அந்தப் பாட்டுக்காகத்தான் அவருக்குக் கிடைத்தது. அதன்பின் கதை தம்பியோடு போய்விடுகிறது. சமணத்தை விட்டதற்காகப் பல்லவ அரசன் தந்த தண்டனைகள், சுண்ணாம்புக் காளவாயில் ஏழு நாள், நஞ்சு, யானை எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவைதான். எனக்கு அவர் கையிலிருக்கும் உழவாரம்தான் முக்கியம். கல் இடுக்கில் முளைத்த புல்லைச் செதுக்கும் கருவி அது. அரசனுக்கு அஞ்சாதவர் ஊர் ஊராகப் போய்க் கோயில் தரையில் குந்திப் புல் செதுக்கினார். அக்கா துடைப்பத்தோடு குனிந்ததைப் பார்த்தவர் வேறு என்ன செய்வார்?

இப்போது மாலை. கடலூருக்குத் திரும்பிவிட்டேன். வண்டிப்பாளையத்தை ஒட்டிய கரையேறவிட்டகுப்பத்தில் நிற்கிறேன். காற்று மைக்கில் இரைகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். அதே அரசன் கல்லோடு கட்டிக் கடலில் போட்டபோது 'சொற்றுணை வேதியன்' என்று பாடியவர், அந்தக் கல்லே தெப்பமாகக் கரையேறிய இடம் இது. ஊர்ப் பெயரிலேயே கதை இருக்கிறது. ஏறியவர் நேராகத் திருப்பாதிரிப்புலியூருக்குப் போனார். தருமசேனராக இருந்த அதே ஊர். பாடலீசுவரர் முன்னால் நின்று பாடினார்:

ஈன்றாளுமாய் எனக்கு எந்தையுமாய்
உடன் தோன்றினராய்

பெற்ற தாய், தந்தை, அடுத்த சொல்லே உடன்பிறந்தவர். கடலிலிருந்து பிழைத்து வந்த மனிதர் கடவுளைக் கூப்பிடும்போது அக்காவையும் சேர்த்துத்தான் கூப்பிட்டிருக்கிறார். நான் இப்போது அந்தக் கோயிலுக்குத்தான் நடக்கிறேன். அக்கா பண்ருட்டியிலிருந்து ஏழு மணி பஸ்ஸில் வந்து இறங்குவாள். அவள் வந்த பிறகு இருவருமாகச் சேர்ந்து உள்ளே போகிறோம்.