ஜான் டீக்கன்: குயின் இசைக்குழுவின் பேஸ் கிட்டார் கலைஞர்

(திரையில்: லண்டன் வெம்ப்ளி அரங்கம், 1985 ஜூலை 13)

பஞ்ச நிவாரண நிதிக்காக நடந்த லைவ் எய்ட் இசை நிகழ்ச்சியின் பதிவைப் பார்ப்பவர்களின் கண்கள் இயல்பாகவே குயினின் பாடகர் ஃப்ரெடி மெர்குரியின் மீது நின்றுவிடும். ஒரு முறையேனும் பார்வையைச் சற்றுப் பின்னே, டிரம்ஸ் இருக்கும் பக்கம் திருப்பிப் பாருங்கள். பேஸ் கிட்டாருடன் தாளத்திற்கேற்ப அசைந்துகொண்டிருக்கும் அந்த மனிதர்தான் ஜான் டீக்கன். குயின் ஆல்பங்களில் அவர் ஒரு பாடலைக்கூட முன்னின்று பாடியதில்லை. ஆனால் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த குயினின் இரண்டே பாடல்களில் ஒன்று அவர் எழுதியது.

(திரையில்: பேஸ் கிட்டாரின் நான்கு தந்திகள், அண்மைக் காட்சி)

கைபேசியில் பார்ப்பவர்கள் தயவுசெய்து ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்ளுங்கள். பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த தந்தி விநாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. அவ்வளவு தாழ்ந்த ஒலியைக் கைபேசியின் சிறிய ஸ்பீக்கரால் சரியாக எழுப்ப முடியாது. பேஸ் கேட்கவில்லை என்று பலர் சொல்வதற்குப் பாதிக் காரணம் இதுதான். டிரம்ஸின் தாளத்தையும் கிட்டாரின் மெட்டையும் ஒன்றாகப் பிணைப்பது இந்தத் தாழ்ந்த ஒலியே என்பதால், அதை நீக்கிவிட்டால் பாட்டு தரையில் கால் பாவாமல் மிதக்கும்.

(திரையில்: லெஸ்டர் நகரம், பழைய புகைப்படம்)

1951 ஆகஸ்ட் 19 அன்று இங்கிலாந்தின் லெஸ்டரில் பிறந்த டீக்கன், 11 வயதில் தந்தையை இழந்தார். பள்ளி நாட்களில் தொடங்கிய குழுவில் ரிதம் கிட்டார் வாசித்துவந்தவர், பேஸ் வாசித்த நண்பர் விலக்கப்பட்டதும் அந்த இடத்திற்கு வந்தார். 1969இல் லண்டன் செல்சி கல்லூரியில் மின்னணுவியல் படிக்கச் சேர்ந்து, முதல் வகுப்பில் தேர்ச்சி பெற்றார். 1971இல் குயினில் இணைந்தபோது அவருக்கு வயது 19. அவருக்கு முன் மூன்று பேர் அங்கு பேஸ் வாசித்து நிலைக்காமல் போயிருந்தனர்.

(திரையில்: ஆம்ப்ளிஃபயரின் உட்புறம்)

இந்தச் சிறிய பெட்டியின் முன் நாம் சற்று நிற்க வேண்டும். குப்பையில் கிடந்த ஒரு மின்சுற்றுப் பலகையை எடுத்துவந்து, புத்தக அலமாரியில் வைக்கும் அளவிலான ஸ்பீக்கர் பெட்டிக்குள் பொருத்தி, கிட்டாரின் ஒலியைப் பெருக்கித் தரும், 9 வோல்ட் பேட்டரியில் இயங்கும் ஓர் ஆம்ப்ளிஃபயரை டீக்கன் உருவாக்கினார். ஒலியைக் கூட்டவோ குறைக்கவோ அதில் ஒரு திருகுகூடக் கிடையாது. குயினின் கிட்டார் கலைஞர் பிரையன் மே தம் கிட்டாரை அதில் இணைத்து, அடுக்கடுக்காகப் பதிவு செய்தபோது, கிளாரினெட்டும் டிராம்போனும் வாசிப்பது போன்ற ஒலிகள் பிறந்தன. 1975இல் வெளிவந்த 'எ நைட் அட் தி ஓபரா' ஆல்பத்தின் 'குட் கம்பெனி' பாடலில் கேட்கும் ஜாஸ் குழு முழுவதும் கிட்டார்தான். கருவியைக் கட்டியவரின் கைத்திறனும் அந்த ஒலியில் இருக்கிறது.

அதே ஆல்பத்திற்காக டீக்கன் தம் மனைவியை எண்ணி 'யூ ஆர் மை பெஸ்ட் ஃப்ரெண்ட்' பாடலை எழுதினார். அதற்கு வேண்டிய மின்பியானோவை வாசிக்க மெர்குரி விரும்பாததால், கருவியை வீட்டுக்கே எடுத்துச் சென்று பழகி, தாமே வாசித்தார்.

(திரையில்: ஒலியலை வரைபடம், இடைவெளிகள் வண்ணமிட்டு)

இனி, தொடக்கத்தில் சொன்ன அந்த முதலிடப் பாடல்: 1980ஆம் ஆண்டின் 'அனதர் ஒன் பைட்ஸ் தி டஸ்ட்'. அமெரிக்காவின் ஷிக் குழுவினுடைய நடன இசையில் ஈர்க்கப்பட்டு எழுதிய இப்பாடலில், அந்த மிகத் தடித்த தந்தியின் ஸ்வரம் ஒன்று, இரண்டு, மூன்று எனத் தனித்தனியே ஒலிக்கிறது. பிறகு ஒரு கணம் பேஸ் மௌனமாகிறது. அந்த மௌனத்தைக் கவனியுங்கள். திறமையைக் காட்டத் துடிக்கும் வாசிப்பாளர் அங்கே நான்கு ஸ்வரங்களையாவது நிரப்பியிருப்பார். டீக்கன் விரலைத் தந்தியிலேயே வைத்து ஒலியை அடக்கிக்கொள்கிறார், கேட்பவரின் உடலோ அடுத்த அடிக்குத் தானாகவே முந்துகிறது. குயினின் பேஸ் வாசிப்பில் இதைவிடச் சிக்கலானவை பல உண்டு; ஆனால் என் மதிப்பில் இதற்கு ஈடானது இல்லை.

1984இல் அவர் எழுதிய 'ஐ வான்ட் டு பிரேக் ஃப்ரீ' பாடல் வந்தது. 1986 ஆகஸ்ட் 9 அன்று நெப்வொர்த்தில் நடந்ததே மெர்குரியுடனான கடைசிக் கச்சேரி. 1991 நவம்பர் 24 அன்று மெர்குரி மறைந்தார். அவருடைய குரல் இல்லாத குயினைத் தொடர்வதில் டீக்கனுக்கு மனம் ஒப்பவில்லை. 1992இல் வெம்ப்ளியில் நடந்த அஞ்சலிக் கச்சேரியில் வாசித்தார். 1997 ஜனவரியில் பாரிஸில் ஒரு பாலே நிகழ்ச்சியின் தொடக்க நாளில், எல்டன் ஜான் பாட, மேயுடனும் டிரம்ஸ் கலைஞர் ரோஜர் டெய்லருடனும் மேடையில் நின்றார். அந்த ஆண்டோடு இசையுலகிலிருந்து விலகிய அவர், 2001இல் ராக் இசைக் கலைஞர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் குயின் சேர்க்கப்பட்ட விழாவுக்கும் வரவில்லை. மேயும் டெய்லரும் புதிய பாடகர்களுடன் கச்சேரிகளைத் தொடர்ந்தார்கள். டீக்கனின் பேஸை அங்கே வேறு கலைஞர்கள் வாசித்தார்கள்.

(திரை இருள்கிறது, அந்த மூன்று ஸ்வரங்கள் மட்டும் ஒரு முறை ஒலிக்கின்றன)