பத்துப் புள்ளி பெற்ற பையன்

அவையோருக்கு வணக்கம்.

சிறுவர் மாயக்கதைகளின் நாயகர்களைப் பிள்ளைகள் முன்மாதிரியாகக் கொள்ளலாமா என்று என்னைப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நாயகனைவிட அவன் பக்கத்தில் நிற்பவன் நல்ல முன்மாதிரி.

இந்தக் கதைப் பிள்ளைகள் பெரியவர் பேச்சைக் கேட்பதில்லை என்பது வழக்கமான குறை. உண்மைதான். அப்பாவும் அம்மாவும் கூடவே இருந்தால் கதை வாசற்படி தாண்டாது. அதனால்தான் எழுத்தாளர்கள் நாயகனை அநாதையாக்கிவிடுகிறார்கள். அது எனக்குப் பெரிய குற்றமாகப் படவில்லை. உறுத்துவது வேறு. தழும்போ, வாளோ, தீர்க்கதரிசனமோ நாயகனைத் தேடி வந்துவிடுகிறது. எதுவும் தேடி வராத பிள்ளை அவனிடமிருந்து எதைக் கற்றுக்கொள்ளும்?

1997-இல் வெளிவந்த முதல் ஹாரி பாட்டர் நாவலின் முடிவை நினைத்துப் பாருங்கள். ஹாரி படிக்கும் மந்திரப் பள்ளியின் ஆண்டிறுதி விருந்தில், மாணவர் அணிகளின் போட்டிக்குத் தலைமையாசிரியர் புள்ளி வழங்குகிறார். ஹாரிக்கு 60, அவன் நண்பர்கள் ரானுக்கும் ஹெர்மயனிக்கும் தலா 50. மூவருமே விதியை மீறியவர்கள். 312-இல் கிடந்த அவர்கள் அணி 472-ஐத் தொட்டு, முதலிடத்தில் இருந்த அணியோடு சமமாகிறது. கோப்பையைத் தீர்மானிப்பது அதே அணியின் நெவில் என்ற பையனுக்குக் கிடைக்கும் 10 புள்ளி. அவன் என்ன செய்தான்? இரவில் வெளியே கிளம்பிய அந்த மூவரையும் வழிமறித்தான். மந்திரத்தில் விறைத்துக் குப்புற விழுந்தான். பகைவனை எதிர்க்கும் அளவுக்கே நண்பனை எதிர்க்கவும் துணிவு வேண்டும் என்கிறார் தலைமையாசிரியர். அவன் பேச்சை மூவரும் கேட்டிருந்தால் கதையே இல்லை, அது வேறு விஷயம்! ஆனால் மந்திரக்கோல் இல்லாத பிள்ளையும் நாளைக்கே வகுப்பறையில் செய்யக்கூடிய காரியம் அது.

1950-இல் வந்த, நார்னியா என்ற மாய உலகக் கதை வரிசையின் முதல் நூலில் எட்மண்ட் என்ற சிறுவன் இன்னும் ஒரு படி மேல். இனிப்புக்கும் அரசனாகும் ஆசைக்கும் மயங்கி, உடன்பிறந்தவர்களைச் சூனியக்காரியிடம் காட்டிக்கொடுக்கிறான். பிறகு போரில் அவளை நேராகத் தாக்காமல், உயிர்களைக் கல்லாக்கும் அவள் கோலை வாளால் உடைப்பவனும் அவனே. அந்த அறிவு அவனுக்குச் சும்மா வரவில்லை. அவளோடு இருந்து பட்ட பாட்டில் வந்தது.

ஆகவே பெற்றோரே, புத்தகத்தைப் பிடுங்காதீர்கள். பிள்ளை படித்து முடித்ததும் யாரைப் பிடித்தது என்று கேட்பதோடு விடாமல், யார்மேல் கோபம் வந்தது, ஏன் வந்தது என்றும் கேளுங்கள்.